கடலோர வீட்டுக் கல் தரை: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் முறை

கல் தரை மங்கினாலும், கறைபட்டாலும், வெள்ளை பூத்தாலும் கடலூர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி "எந்த ஆசிட் ஊற்றினால் போகும்?" என்பதுதான். எதையும் ஊற்றுவதற்கு முன் கண்ணில் படுவது எந்த வகைக் கோளாறு என்று பிரித்தறிந்துகொள்ள வேண்டும். கல்லின் மேல் ஏதோ படிந்திருக்கலாம், கல்லுக்குள் ஏதோ இறங்கியிருக்கலாம், அடியிலிருந்து ஏதோ ஏறி வந்திருக்கலாம், அல்லது கல்லின் மேற்பரப்பே சிறிது கரைந்துபோயிருக்கலாம். இந்த நான்குக்கும் மருந்து வெவ்வேறு. ஒன்றுக்கு உரிய மருந்தை இன்னொன்றுக்குப் போட்டதால் கெட்ட தரைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவற்றுள் என் வீட்டுத் தரையும் ஒன்று.

முதலில் கல் எது என்று தெரிய வேண்டும்

நம் வீடுகளில் இருக்கும் கற்களை இரண்டு குடும்பமாகப் பிரித்தால் போதும். ராஜஸ்தானத்து மக்ரானா முதலான மார்பிள்கள், அதே மாநிலத்தின் கோட்டா கல், ஆந்திரத்திலிருந்து வரும் கடப்பா கல் ஆகியவை சுண்ணாம்புக் குடும்பம். இவற்றின் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட் என்பதால் எந்த அமிலம் பட்டாலும் கரையும். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும், நமக்கு அருகிலேயே விழுப்புரம் மாவட்டத்திலிருந்தும் வரும் கிரானைட் வகைகள் மற்றொரு குடும்பம். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்ற கடினமான கனிமங்களால் ஆனவை என்பதால் எலுமிச்சைக்கும் புளிக்கும் எளிதில் அசையாது. கறுப்பு நிறத்தைப் பார்த்துக் கடப்பாவையும் கறுப்புக் கிரானைட்டையும் ஒன்றாக எண்ணிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

சந்தேகம் இருந்தால், வீடு கட்டியபோது மிஞ்சிய துண்டையோ, பீரோவுக்கு அடியில் மறைந்திருக்கும் மூலையையோ தேர்ந்தெடுத்து, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நுரை வந்தாலும், நுரை வராமல் அந்த இடம் மட்டும் பளபளப்பை இழந்தாலும், அது சுண்ணாம்புக் குடும்பம்தான். புதுச்சேரியின் பழைய வீடுகளில் காணும் ரெட் ஆக்சைடு தரையும் ஆத்தங்குடிப் பூக்கல்லும் சிமெண்டால் ஆனவை, கல் அல்ல. ஆனாலும் ஆசிட் விஷயத்தில் அவற்றையும் சுண்ணாம்புக் குடும்பத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மருந்தையும் கண்ணில் படாத மூலையில் சோதித்த பிறகே நடுக்கூடத்திற்குக் கொண்டு வாருங்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அறிகுறி: மார்பிளில் வட்ட வட்டமாக மங்கல், எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை

புதுப்பாளையத்தில் என் அத்தை வீட்டுப் பூஜை அறையில் வெள்ளை மார்பிள். குத்துவிளக்கு இருக்கும் இடத்தைச் சுற்றிச் சிறு சிறு மங்கல் புள்ளிகள் இருந்தன. சில மிளகு அளவு, சில ஐந்து ரூபாய்க் காசு அளவு. "எண்ணெய்க் கறைப்பா, சோடா போட்டு நல்லாத் தேய்ச்சாப் போயிடும்" என்றார் அத்தை. சோடா போட்டு ஆறு மாதமாகத் தேய்த்தும் வந்திருக்கிறார். விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய்க் கறை என்றால் அந்த இடம் கருத்திருக்க வேண்டும், ஆனால் பளபளப்பு மாறியிருக்காது. இங்கே நிறம் சிறிதும் மாறவில்லை. வெளிச்சம் பட்ட இடத்தில் புள்ளிகள் மட்டும் ஒளியைத் திருப்பித் தராமல் சொரசொரப்பாகத் தெரிந்தன. வியாழக்கிழமைதோறும் விளக்கை அங்கேயே வைத்துப் புளி போட்டுத் தேய்ப்பதாக அத்தை சொன்ன பிறகு காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளையின் களிம்பை எடுத்ததோடு, சொட்டிய இடத்திலெல்லாம் மார்பிளின் மேல்தோலையும் எடுத்துவிட்டது.

இது கறையே இல்லை. கல் கரைந்த தடம். எலுமிச்சை, தயிர், மோர், ரசம், வினிகர், குளிர்பானம், டாய்லெட் கிளீனர் எல்லாமே இதைச் செய்யும். டாய்லெட் கிளீனரில் உள்ளது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதால் அது மற்றவை போல் நிமிடக்கணக்கில் காத்திருக்காது. கரைந்ததை எந்தச் சோப்பும் திருப்பித் தராது. அந்த இடத்தை மீண்டும் மெருகேற்றுவது ஒன்றே வழி.

விரல் நகத்தை மங்கலின் ஓரத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகத்திற்கு எதுவும் தட்டுப்படாவிட்டால், மார்பிள் பாலிஷ் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் டின் ஆக்சைடுப் பொடியைச் சிறிது தண்ணீரில் குழைத்து, ஈரத் துணியால் அழுத்தி, வட்டமாகப் பத்து நிமிடம் தேய்த்துத் துடைத்தால் சிறு புள்ளிகள் பெருமளவு மறையும். அத்தை வீட்டில் பதினைந்து புள்ளிகளுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. மூன்று புள்ளிகள் முழுவதும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகம் தட்டினால் கையால் ஆகாது. வைரத்துகள் பதித்த தேய்ப்பு வட்டுகளான வைர பேடுகளை, சொரசொரப்பானதில் தொடங்கி மென்மையானது வரை, 200, 400, 800, 1500, 3000 என்று படிப்படியாக மாற்றி மெஷின் போட வேண்டும். இடையில் ஒரு நம்பரைத் தாண்டிவிட்டால் முந்தைய பேடின் கீறல் பளபளப்புக்கு அடியில் மேகம் போல் தங்கிவிடும் என்பதால், வேலை நடக்கும்போது பேடுகளின் எண்ணைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் உரிமை.

விளக்கு தேய்ப்பதை அத்தை இப்போது பின்கட்டுச் சிமெண்ட் தொட்டிக்கு மாற்றிவிட்டார்.

அறிகுறி: கருத்த திட்டு, ஓரம் தெளிவாக இல்லை, மெல்ல விரிந்துகொண்டே போகிறது

இதுதான் உண்மையான எண்ணெய்க் கறை. அகல் விளக்கு நிறைய நாள் ஒரே இடத்தில் இருந்தாலோ, எண்ணெய்த் தூக்கின் அடியில் கசிந்தாலோ, எண்ணெய் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, ஈரமான கல்லைப் போலக் கருப்பாகக் காட்டும். மேலே தேய்ப்பதால் பயனில்லை. உள்ளே போனதை வெளியே உறிஞ்சி எடுக்க வேண்டும். வீக்கத்திற்குப் பற்றுப் போடுகிறோம் அல்லவா, கல்லுக்கும் அதேதான்.

சமையல் சோடாவையோ வெள்ளை டால்கம் பவுடரையோ எடுத்துக்கொண்டு, அசிட்டோன் விட்டு, இட்லி மாவை விடச் சற்றுக் கெட்டியாகக் குழைத்துக்கொள்ள வேண்டும். அசிட்டோன் கிடைக்காவிட்டால் தண்ணீரே போதும், ஆனால் பலன் மெதுவாகத் தெரியும். முல்தானி மிட்டி வேண்டாம். அதில் இரும்புச் சத்து இருப்பதால் வெள்ளைக் கல்லில் புதுக் கறையே உண்டாகலாம். குழைத்ததைக் கறையின் ஓரத்திற்கு வெளியே ஒரு விரற்கடை தாண்டும்படி, அரை சென்டிமீட்டர் தடிமனுக்குப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்துவிட்டு, பற்று தானாகக் காய்ந்து வெடிக்கும் வரை விட வேண்டும். இந்தக் காய்தல்தான் முக்கியம். பற்றிலிருந்து ஈரம் ஆவியாகிப் போகப் போக, எண்ணெய் கல்லிலிருந்து பற்றுக்கு ஏறி வருகிறது. பலர் தாளை எடுத்த உடனே ஈரத்தோடு துடைத்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்கிறார்கள். காய்ந்ததைப் பழைய ஏடிஎம் அட்டையால் வழித்தெடுத்து, நல்ல தண்ணீரில் துடையுங்கள். ஆண்டுக்கணக்கான கறைக்கு மூன்று நான்கு பற்றுகள் தேவைப்படும்; ஒவ்வொரு முறையும் ஒரு படி வெளுத்தால் வழி சரி என்று பொருள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், அந்த நாட்களில் அந்த அறையில் விளக்கேற்றாதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

மஞ்சள், காபி, தேநீர், வெற்றிலைக் கறைகளுக்கும் பற்றுதான். அசிட்டோனுக்குப் பதில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. கறுப்புக் கல்லில் அது நிறத்தை வெளுக்கச் செய்யலாம் என்பதால் வெளிர்நிறக் கல்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கறையின் மேல் சலவைத்தூள் பட்டதும் அது சிவந்துபோவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலந்ததும் மஞ்சள் நீர் சிவப்பதும் இதே காரத்தின் வேலைதான். வெயில் விழும் இடமாக இருந்தால் மஞ்சள் சில நாட்களில் தானே வெளுத்துவிடும்.

பீரோக்கால், சிலிண்டர் அடிவளையம் இவை விட்ட துருக்கறைக்கு பிளீச்சிங் போடக் கூடாது. அது துருவை இன்னும் அழுத்திவிடும். மார்பிளுக்கென்றே அமிலமில்லாமல் தயாரிக்கப்படும் துரு நீக்கும் களிம்பு மட்டுமே பாதுகாப்பானது.

அறிகுறி: காலையில் தரையில் ஈரத்திட்டு, மதியத்தில் அதே இடத்தில் வெள்ளைப் பொடி

நம் கடற்கரைக்கே உரிய கோளாறு இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குழாய் கசிகிறது என்று எண்ணித் தரையை உடைக்கும் முன், வெள்ளைப் பொடியின் மேல் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே கரைந்து காணாமல் போனால் அது உப்பு. கரையாமல் மாவு போலத் தங்கினால் சிமெண்டிலிருந்து வந்த சுண்ணாம்போ, யாரோ சிந்திய கோலப்பொடியோதான்.

உப்பு பல வழிகளில் வரும். கழுவாத கடல் மணலைக் கலவையில் சேர்த்திருக்கலாம். உவர்ப்பான போர் தண்ணீரில் கட்டியிருக்கலாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி, தரைக்கடியிலிருக்கும் மணலையும் கலவையையும் நனைத்து, அவற்றிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு கல்லின் நுண்துளைகள் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் மேலே வரலாம். மேலே வந்த நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. காலை ஈரத்திற்கு விளக்கம் அடுக்களையிலேயே இருக்கிறது: மழை நாளில் மூடாத உப்பு ஜாடி நீர்விடுகிறது அல்லவா? காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் ஊர்க் காலைக் காற்று அந்த அளவை எளிதில் தாண்டுகிறது. வெயிலேறி, மின்விசிறி சுற்றியதும் மீண்டும் உலர்ந்து வெள்ளையாகிறது.

இதற்கு ஆசிட் போட்டால் உப்பு போன மாதிரி ஒரு வாரம் தெரியும். சுண்ணாம்புக் கல்லின் மேல்தோலும் கூடவே போயிருக்கும். ஆசிட்டும் கல்லும் சேர்ந்து உண்டாக்கிய கால்சியம் குளோரைடு, சாப்பாட்டு உப்பை விட மோசமாக ஈரத்தை இழுக்கும். மாப்பில் தண்ணீர் தோய்த்துத் துடைப்பதும் உப்பைக் கரைத்துத் திரும்ப உள்ளே அனுப்புவதே. உலர்ந்திருக்கும் மதிய வேளையில் மென்மையான உலர் பிரஷ்ஷால் கூட்டி அள்ளி, அல்லது வேக்கூம் கிளீனரால் உறிஞ்சி, அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். தினமும் செய்தால் அளவு குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். குறையாமல் மாதக்கணக்கில் அதே அளவு வந்தால், ஈரம் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது. குளியலறை வடிகால், சுவரோரத் தோட்டத் தண்ணீர், மழைநீர்க் குழாய் விழும் இடம் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே பாருங்கள்.

ஈரம் கீழிருந்து வருகிறதா, காற்றிலிருந்து படிகிறதா என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ கல் கருத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. தாளின் மேற்பக்கம் மட்டும் நனைந்தால், குளிர்ந்த கல்லின் மேல் கடற்காற்றின் ஈரம் படிகிறது, அதாவது தரை வியர்க்கிறது. அதற்கு மருந்து எதுவும் வேண்டாம், காற்றோட்டமும் உலர்ந்த துணியும் போதும்.

சீலர், அதாவது ஈரமும் கறையும் இறங்காமலிருக்கக் கல்லுக்குப் பூசும் திரவம், அடித்தால் சரியாகுமா என்று கேட்பவர்களுக்கு: அடியில் ஈரம் இருக்கும்போது மேலே படலமாக நிற்கும் சீலரை அடித்தால், உப்பு வெளிவர வழியின்றிக் கல்லின் தோலுக்கடியிலேயே படிகமாகி, தோலைச் செதில் செதிலாக உரித்துவிடும். தாள் சோதனையில் கல் உலர்ந்திருப்பது உறுதியான பிறகு, கல்லுக்குள் இறங்கி ஆவியை வெளியே விடும் வகைச் சீலரை மட்டும் அடியுங்கள்.

அறிகுறி: வெள்ளம் வடிந்த சில வாரங்களில் வெள்ளை மார்பிள் மஞ்சளாகிறது

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை அடுத்து, தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் தாழ்வான தெருக்களில் புகுந்தது. எங்கள் கூடத்தில் கணுக்கால் அளவுக்குச் சேறு. அந்தச் சேற்றைத் துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்தது நான் செய்த முதல் தவறு. ஆற்று வண்டலில் இருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை, கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 7. மார்பிளில் இருக்கும் கால்சைட்டுக்கு 3 மட்டுமே என்பதால் மணல் அதைக் கீறிவிடும். நிறையத் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் தள்ளியிருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. வாரங்கள் செல்லச் செல்ல, ஓரங்களில் மஞ்சள் நிறம் தோன்றியது; மார்பிளுக்குள் இயல்பாகவே இருக்கும் சிறு அளவு இரும்பு, நீண்ட நாள் ஈரத்தில் துருப்பிடிப்பதால் வரும் நிறம் அது. பாலிஷ் போட வந்தவர் தரையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், அடியில ஈரம் இருக்கு, மாசி பொறக்கட்டும்" என்றார். பொங்கலுக்கு உறவினர் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மெஷின் போட்டுச் சீலரும் அடித்தோம்; பத்து நாள் கண்ணாடியாக இருந்தது; பிறகு மஞ்சளும் திரும்பியது, அதோடு இணைப்புகளில் உப்பும் பூத்தது.

ஆகவே வெள்ளம் புகுந்த வீட்டில் செய்ய வேண்டிய வரிசை இது: சேற்றைத் தண்ணீரால் தள்ளுவது, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுவது, பாயும் ரப்பர் மிதியடியும் விரிக்காமல் மாதக்கணக்கில் காற்றாட விடுவது, இடையில் உப்பைக் கூட்டி அள்ளுவது, தாள் சோதனை இரண்டு முறை தொடர்ந்து உலர்ந்து வந்த பிறகு பாலிஷ்காரரைக் கூப்பிடுவது. அதற்குள் மஞ்சளில் ஒரு பகுதி தானாகவே குறையும். எஞ்சியதில் இரும்பு ஆழத்தில் இருந்தால், அந்தக் கல்லை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: கிரானைட் தரை முழுவதும் மங்கல், நடந்தால் கால்தடம் விழுகிறது

கிரானைட் அவ்வளவு எளிதில் மெருகிழக்காது. மூலையில் ஒரு புது பிளேடைத் தரையோடு படுக்க வைத்து மெல்லச் சுரண்டுங்கள். வெள்ளைச் சுருள் போல் ஏதாவது வந்தால் கல் நன்றாகவே இருக்கிறது, அதன் மேல் படலம் படிந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் சோப் ஆயிலையோ பினாயிலையோ தாராளமாகக் கலந்து துடைத்தால், தண்ணீரின் கால்சியமும் சோப்பும் சேர்ந்து கரையாத பிசுக்காகி நாள்தோறும் ஒரு அடுக்கு ஏறும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு மட்டும் விட்டுத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். படலம் கிரானைட்டில் மட்டும்தான் என்று உறுதியானால் நீர்த்த வினிகரும் பயன்படும். அதன் பிறகு அன்றாடத் துடைப்புக்குத் தண்ணீர் மட்டுமே போதும். வாசனை இல்லாவிட்டால் துடைத்த மாதிரியே இல்லை என்று சொல்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அறிகுறி: கடப்பா கல் சாம்பல் பூத்துவிட்டது

ஈரத் துணியால் துடைத்தால் கறுத்து, காய்ந்ததும் மீண்டும் சாம்பலானால் மேற்பரப்பின் மெருகு தேய்ந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவுவது சில நாள் அழகு; அதன்பின் தூசி ஒட்டி, எண்ணெய் சிக்கடித்துப்போகும். மறுபடி பாலிஷ் போடலாம், அல்லது நிறத்தை எடுத்துக்காட்டும் சீலர் அடிக்கலாம். பல் தேய்க்கும் இடத்திலும் மீன் கழுவும் இடத்திலும் உள்ள கடப்பாவை அப்படியே விட்டுவிடுவதே என் கருத்து.

அறிகுறி: வாசலருகே மெல்லிய கீறல்கள்

கடற்கரை மணலும் அதே குவார்ட்ஸ்தான். வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒரு துணி மிதியடி, துடைக்கும் முன் கட்டாயம் ஒரு முறை பெருக்குதல் ஆகிய மூன்றும் இருந்தால் புதுக் கீறல் விழுவது வெகுவாகக் குறையும். மார்கழியில் வெள்ளைக் கல்பொடியில் கோலம் போடும் வழக்கமுள்ளவர்கள், வாசற்படிக் கல்லில் மட்டும் அரிசி மாவுக்கு மாறிக்கொள்ளலாம்.

அறிகுறி: ஒரு கல்லைத் தட்டினால் அடியில் வெற்றிடம் இருப்பது போன்ற ஓசை

ஐந்து ரூபாய்க் காசால் கல்லின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் ஓசை மாறினால் அடியில் கலவை முழுவதும் பரவவில்லை. கல் ஆடாதவரை கனமான பொருளை அதன் மேல் வைக்காமல் இருந்தால் போதும். மூலையிலும் ஓசை மாறி, இணைப்பில் வெடிப்பும் தெரிந்தால், அல்லது வெள்ளத்திற்குப் பின் புதிதாக இந்த ஓசை வந்திருந்தால், அடியில் மணல் கரைந்து இறங்கியிருக்கலாம். அப்போது ஒயிட் சிமெண்டால் இணைப்பை மட்டும் அடைத்துவிட்டுப் போகும் கொத்தனாரை விட்டுவிட்டு, அந்தக் கல்லைப் பெயர்த்து, பழைய கலவையைச் சுரண்டி, உவர்ப்பில்லாத தண்ணீரில் புதுக் கலவை போட்டுப் பதிப்பவரைத் தேடுங்கள். பெயர்க்கும்போது கல் உடையக்கூடும் என்பதால், பரணில் மிச்சத் துண்டு இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.